கடலை எழுதியவர் யார்?
(வரலாற்றுப் புதினங்கள் பற்றிய கருத்தரங்கொன்றில் ஆற்றிய உரை)



'வரலாற்றுப் புதினத்தில் கடற்போர்' என்னும் தலைப்பை எனக்குக் கொடுத்திருக்கின்றார்கள். தலைப்பைக் கேட்டவுடன் சோழரின் நாவாய்களையும் கடாரத்தையும் பற்றியே நான் பேசுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதைப் பேசுதற்கு என்னினும் வல்லார் இவ்வவையிலேயே பலர் உளர். நான் உங்களை வடக்கே, மிக வடக்கே, பால்டிக்குக் கடலுக்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றேன். அக்கடலின் கரையில் நெடுங்காலம் பிறர்க்கு ஆட்பட்டுக் கிடந்த சிறிய இனங்கள் வாழ்கின்றன. பின்னியர் ஓரினம், எசுத்தோனியர் மற்றோரினம். தங்கள் கடலில் பிறர் போரிடவும், அப்போரைப் பிறரே தம் மொழியில் எழுதவும் நூற்றாண்டுக் கணக்கில் பார்த்துக் கிடந்தவர்கள் அவர்கள். பின்னர்த் தாமே எழுதுகோலைக் கையிலெடுத்தார்கள். எப்படி எடுத்தார்கள் என்பதுதான் என் பேச்சு.

முதலில் அக்கடலின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடலின் இயல்பு தெரியாமல் கடற்போர்க் கதை எழுதுகின்றவன், அரங்கத்தைப் பாராமல் கூத்தெழுதுகின்றவனை ஒப்பான்.

பால்டிக்கு ஓர் அடைகடல். சுற்றிலும் நிலம். அங்கிருந்து பெருங்கடலுக்குச் செல்லத் தென்மார்க்கு நாட்டின் தீவுகளுக்கிடையே மூன்றே நீரிணைகள். அவற்றுள் பெரும்பாலான கப்பல்கள் சென்ற வழி ஓரசுண்டு. அதன் குறுகலான இடத்தில் அகலம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர்தான்! கடலின் நிரவல் ஆழமோ 55 மீட்டர். எண்ணற்ற ஆறுகள் வந்து கலப்பதாலும், பெருங்கடல் நீர் எளிதில் உட்புக முடியாமையாலும் உப்பு மிகவும் குறைவு. பெருங்கடலில் ஆயிரம் பங்கு நீருக்கு 35 பங்கு உப்பென்றால், பால்டிக்கின் நடுவிடத்தில் 7 பங்களவே. ஓதத்தின் ஏற்றமும் வற்றமும் ஏறக்குறைய இல்லை. பனிக்காலத்தில் வடபகுதி உறைந்து கல்லாகிவிடும்.

இவ்வியல்புகளே அங்கு நடந்த போர்களின் போக்கை முடிவு செய்தன.

வாயில் ஒன்றானால் வாயிற்காவலன் செல்வனாவான் அல்லவா? 1429 முதல் 1857 வரை, நானூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தென்மார்க்கின் மன்னர்கள் ஓரசுண்டைக் கடக்கும் கப்பல்களிடமிருந்து சுங்கம் தண்டினர். எல்சினோர் என்னும் ஊரில், கோட்டையின் பீரங்கிகளுக்கு முன்னே, கப்பல்கள் பாய் இறக்கி நின்று பணம் கட்டிவிட்டுப் போயின. அக்கோட்டையைச் சேக்சுபியரின் நாடகத்தால் உலகம் அறியும். கோட்டை தேனியருடையது, புகழ் ஆங்கிலத்தினுடையது. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் உறைவதால் கடற்போரே நிலப்போராக மாறுவதும் அங்குண்டு. 1227ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் செருமானியச் சிலுவைப்படை எசுத்தோனியரின் சாரமா தீவை எப்படி வென்றது தெரியுமா? சாரமா மக்கள் கப்பலில் வல்லவர்கள். கடலில் அவர்களை அடக்குவது அரிதாயிருந்தது. ஆகவே கடல் உறையும் வரை காத்திருந்து, பனிக்கட்டியின் மேல் நடந்துபோய் வென்றார்கள். தீவினர்க்கு அரணாயிருந்த கடலே பகைவர்க்குப் பாலமாயிற்று. இச்செய்தியை நமக்குச் சொல்வது வென்றவர் பக்கத்துக் குருவொருவர் இலத்தீனில் எழுதிய நூல். தோற்ற சாரமா மக்கள் அன்று என்ன பேசினார்கள், எம்மொழியில் அழுதார்கள் என்பதற்கு அவர்கள் கையால் எழுதிய ஒரு வரியும் இல்லை. 1658இல் சுவீடன் மன்னன் பத்தாம் கார்ல் குசுத்தாவும் இவ்வாறே தன் படையை உறைந்த நீரிணைகளின் மேல் நடத்திச் சென்றான். பனிக்கட்டி உடைந்து குதிரைமறவர் பலர் மூழ்கினர், எஞ்சியோர் கடந்தனர். தென்மார்க்கு அவ்வாண்டே பணிந்து ஓரசுண்டின் கீழ்க்கரையை இழந்தது.

உப்புக் குறைவால் விளைந்த நன்மையும் ஒன்றுண்டு. மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழு அந்நீரில் வாழ்வதில்லை. 1628இல் 64 பீரங்கிகளுடன் கட்டப்பட்ட 'வாசா' என்னும் சுவீடியப் போர்க்கப்பல், தன் முதற்பயணத்திலேயே துறைமுகத்துக்குள் ஒரு காற்று வீச்சுக்குச் சாய்ந்து மூழ்கியது. 333 ஆண்டுகள் கழித்து, 1961இல், அதை ஏறக்குறைய முழுதாகவே மேலே தூக்கினார்கள். இன்று அதைக் கண்ணாரக் காணலாம். கப்பலின் கயிறும் கரண்டியும் எப்படியிருந்தன என்று அங்குள்ள புதின ஆசிரியன் கற்பனை செய்ய வேண்டியதில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதலாம்!

இனிப் பின்னியரின் கரைக்கு வருவோம். அக்கரை நெடுகப் பல்லாயிரம் பாறைத்தீவுகள். பெரிய பாய்க்கப்பல்கள் அங்கே நுழைந்தால் பாறையில் மோதும். அல்லது காற்றின்றி நிற்கும். 1714இல் கங்குட்டு முனையில் நடந்தது அதுதான். சுவீடனின் பெரிய போர்க்கப்பல்கள் காற்றற்று அசைய முடியாமல் நின்றன. உருசிய மன்னன் பேதுருவின் துடுப்புக் கலங்கள் கரையோரமாக வலித்துக்கொண்டே அவற்றைக் கடந்து போய்விட்டன. காற்று நின்றதனால் ஒரு நாடு கைமாறியது. பின்லாந்து உருசியரின் காலடியில் பட்ட கொடுமைகளைப் 'பெருஞ்சினம்' என்றே இன்றும் பின்னியர் குறிப்பிடுவர்.

இப்பாடத்தைக் கற்ற சுவீடியர் தீவுக்கடலுக்கென்றே தனிப்படை கட்டினர். சாப்மன் என்னும் கப்பற்கட்டட வல்லுநர் அதற்குப் புதுவகைக் கலங்களை வரைந்து கொடுத்தார். அவற்றின் பெயர்களைச் சொல்கின்றேன். கேளுங்கள்: தூருமா, உதேமா, போயமா, எம்மேமா. இவை சுவீடிய மொழிப் பெயர்களல்ல. பின்லாந்தின் மாவட்டப் பெயர்கள். தூருன்மா, ஊசிமா, போயன்மா, ஏமேன்மா என்று பின்னியர் வழங்கியவற்றைச் சுவீடியர் தம் நாவுக்கேற்பத் திரித்துக்கொண்டனர். 'மா' என்றால் அம்மொழியில் நிலம், நாடு. ('மா'வைக் கேட்டவுடன் நம் நில அளவையான 'மா'வோடு முடிச்சுப் போட நம்மிற் சிலர்க்கு நா அரிக்கும். பொறுங்கள்! ஒலி ஒத்ததனால் மட்டுமே உறவு நிலைநாட்டப்படுவதில்லை. பாவாணர் வழி நிற்போர் வேரைக் காணாமல் கிளையைப் பிடித்துத் தொங்கக் கூடாது.) நான் சொல்ல வந்தது வேறு. கப்பல் சுவீடனுடையது, கட்டளை சுவீடியத்தில், ஆனால் அக்கரையில் துடுப்பு வலித்தோருள் பின்னியர் பலர். மேலாள் மொழியால் முற்றும் விழுங்க முடியாமல் அவர்களின் மண்ணின் பெயர் கப்பலின் பெயருக்குள் ஒட்டிக்கொண்டு நின்றது.

1790 சூலையில் இக்கலங்களே சுவென்சுகசுண்டு என்னுமிடத்தில் உருசியரின் படகுப்படையை எதிர்த்தன. இரு பக்கமும் சேர்ந்து ஏறத்தாழ 500 கலங்கள்! பால்டிக்கில் நடந்த கடற்போர்களில் கலங்களின் தொகையால் இதனினும் பெரியது இல்லை. உருசியப் படையில் மூன்றிலொரு பங்கு அழிந்தது. அன்று சுவீடனின் தீவுப்படையை நடத்தியவர் குரோன்சுதெத்து என்பவர். அதே குரோன்சுதெத்து 18 ஆண்டுகள் கழித்து, 1808இல், சுவேயாபோர்கு என்னும் மாபெருந் தீவுக்கோட்டையின் தலைவராயிருந்தார். அப்போது முற்றுகையிட்ட உருசியரிடம் கோட்டையை, ஆயிரக்கணக்கான படைமறவரோடும் தீவுப்படைக் கலங்களோடும், பெரும்போர் எதுவுமின்றி ஒப்படைத்துவிட்டார். ஏன் ஒப்படைத்தார்? அச்சமா? சூழ்ச்சியா? உதவிக் கப்பல்கள் பனிக்கட்டி உருகி வருமுன் உணவு தீர்ந்துவிடுமென்னும் கணக்கா? இன்றுவரை முடிவில்லை. ஒரே கடலில் ஒரே மாந்தர்க்கு வெற்றி மாலையும் பழிச்சொல்லும்! புதின ஆசிரியனுக்கு இதனினும் சிறந்த கருப்பொருள் எங்கே கிடைக்கும்?

அக்கோட்டையின் பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். சுவேயாபோர்கு என்றால் சுவீடியரின் கோட்டை. பின்னிய மொழியில் சொல்லின் முதலில் மெய்ம்மயக்கம் நில்லாது. நம் தமிழைப் போலத்தான். ஆகவே பொதுமக்கள் அதை 'வியாப்போரி' என்றே வழங்கினர். கற்றவர்கள் அதைக் கேட்டு நகைத்திருப்பார்கள். இங்கே 'இசுக்கூல்' என்னும் பாட்டியைப் பார்த்து நகைப்பதில்லையா? ஆனால் அந்தப் பாட்டியின் நாவில்தான் மொழியின் இலக்கணம் உயிரோடிருக்கின்றது. பின்லாந்து விடுதலை பெற்ற பின், 1918இல், அக்கோட்டைக்குச் 'சுவோமென்லின்னா' என்று பெயரிட்டார்கள். பின்னியரின் கோட்டை என்பது பொருள். கல் ஒன்றுகூட மாறவில்லை, பெயர் மாறிற்று, உரிமை மாறிற்று.

இதுவரை போரைப் பேசினேன். இனி அதை எழுதியவர்களைப் பேசுவோம்.

ஆங்கிலத்தில் கடற்போர்ப் புதினம் ஒரு பெருந்தொழில். பாரசுட்டர் என்பார் 1945இல் 'கொமடோர்' என்னும் புதினத்தை வெளியிட்டார். அவருடைய பெயர்பெற்ற கதைத்தலைவன் ஆர்ன்புளோவர், 1812இல் ஒரு சிறு கப்பற்படையோடு பால்டிக்குக்குச் செல்கின்றான். நெப்போலியன் படை முற்றுகையிட்ட இரீகா நகரைக் காக்கத் துணை நிற்கின்றான். நன்றாக எழுதப்பட்ட நூல், நான் மறுக்கவில்லை. குண்டுக் கலங்களைப் பாரசுட்டர் விளக்குமிடத்தில் நமக்கு வெடிமருந்தின் மணமே வரும். ஆனால் அதில் பிரௌன் என்றொருவன் வருகின்றான். நாடிழந்து ஓடிவந்த பின்னியன். பல மொழி அறிந்தவன். ஆகவே கப்பலில் மொழிபெயர்ப்பாளனாக அமர்த்தப்படுகின்றான். 1809இல் தன் நாட்டை விழுங்கிய உருசியப் பேரரசனை நேரில் கண்டதும் அவனைக் கொல்ல முயல்கின்றான். ஆர்ன்புளோவர் தடுத்துவிடுகின்றான். ஏனென்றால் உருசியா அப்போது இங்கிலாந்துக்கு வேண்டிய நாடு!

தோழர்களே, ஒரு நாட்டின் துயரம் அப்புதினத்தில் கதைத்தலைவனின் அலுவலுக்கு நேர்ந்த ஓர் இடையூறாகச் சுருங்கிவிட்டது. கொலையை நான் போற்றவில்லை. அவன் ஏன் கைத்துப்பாக்கியை எடுத்தான் என்று கேட்க அப்புதினத்தில் இடமில்லை என்பதையே சொல்கின்றேன். ஆங்கிலேயர்க்கு அக்கடல் பாய்மரமும் கீலும் சணலும் வரும் வழி. கரையில் வாழ்வோர் அவர்களுக்கு வழிகாட்டியாகவும் மொழிபெயர்ப்பாளராகவுமே தேவைப்பட்டார்கள்.

இன்னோர் ஆங்கில ஆசிரியர் ஓபிரையன். அவர் 1980இல் வெளியிட்ட புதினத்திலும் பால்டிக்கு வருகின்றது. கற்பனைத் தீவொன்றில் கற்றலான் மொழி பேசும் படையினர் பிரெஞ்சுக்காரர்க்காகக் காவலிருக்கின்றனர். பீரங்கியால் வீழ்த்த முடியாத அக்கோட்டையை, அம்மொழியை அறிந்த ஒருவன் போய்ப் பேசியே வென்றுவிடுகின்றான். கதை கற்பனையாயினும் அடிப்படை உண்மையே. 1808இல் தென்மார்க்கிலிருந்த இசுப்பானியப் படையினர் ஏறத்தாழ 9000 பேர் நெப்போலியனுக்கு எதிராகத் திரும்பி, ஆங்கிலக் கப்பல்களில் ஏறித் தாய்நாடு சென்றனர். கற்றலான் மொழியின் வலிமையை ஓர் ஆங்கிலப் புதினத்தில் படித்து நாம் வியக்கின்றோம்!

ஆங்கிலக் கப்பல்களைப் பின்னியர் எப்படிக் கண்டார்கள்? 1854இல், கிரிமியப் போரின்போது, ஆங்கிலக் கடற்படை பின்லாந்தின் கரையோர ஊர்களான உலவு, இராகே ஆகியவற்றில் கீல் பண்டசாலைகளையும் கப்பல்களையும் கொளுத்தியது. அக்கீலில் ஒரு பகுதி ஆங்கில வணிகர்களே விலைகொடுத்து வாங்கி வைத்திருந்தது என்பது நகைப்புக்குரிய செய்தி. கொக்கோலா என்னும் ஊரில் மட்டும் உழவரும் ஊராரும் படையினரோடு கரையில் நின்று சுட்டு விரட்டினர். ஆங்கிலப் படகொன்று அவர்கள் கையிற் சிக்கியது. அப்படகை இன்றும் அவ்வூர்ப் பூங்காவில் கூரையிட்டுக் காத்து வருகின்றார்கள். அவ்வூர்ச் சிறுவனுக்குக் கடற்போர் என்றால் நெல்சன் நினைவுக்கு வரமாட்டான். அப்படகுதான் நினைவுக்கு வரும்.

எசுத்தோனியரின் கதை இன்னும் கூர்மையானது. செருமானியப் பெருநிலக்கிழார்களின் கீழ் நூற்றாண்டுக் கணக்கில் பண்ணையாட்களாய்க் கிடந்தவர்கள் அவர்கள். தம்மை 'மண்ணின் மக்கள்' என்று மட்டுமே சொல்லிக்கொண்டார்கள். 1343இல் அவர்கள் கிளர்ந்தெழுந்து வீழ்ந்த செய்தி, வென்றவர்களின் ஏடுகளில் மட்டுமே இருந்தது. 1880இல் போர்ன்னோகே என்னும் 18 அகவை இளைஞர் அக்கிளர்ச்சியைப் பொருளாக வைத்துப் 'பழிவாங்குவோன்' என்னும் பொருளுடைய வரலாற்றுக் கதையை எசுத்தோனிய மொழியில் எழுதினார். பதினெட்டு அகவை! கலைநயத்தில் குறையுண்டென்று திறனாய்வாளர் கூறுவர், இருக்கட்டும். தம் முன்னோர் தம் மொழியில் பேசுவதை அவ்வினம் அச்சில் கண்டதே!

அடுத்து வந்தவர் ஆவிக்கு. 1880இல் சாரமா தீவில் பிறந்தவர். பனிக்கட்டி வழியே வெல்லப்பட்ட அதே தீவு. எசுத்தோனிய மொழிக்குப் புதுச்சொற்களை ஆக்கிக் குவித்தார். இன்று அம்மொழியில் போர்க்கருவியைக் குறிக்கும் 'ரெல்வு' என்னும் சொல்லும், கொலையைக் குறிக்கும் 'மொர்வு' என்னும் சொல்லும் அவர் ஆக்கியவையே. அவர் வழி நம் வழியன்று. நாம் வேர்ச்சொல்லிலிருந்து ஆக்குகின்றோம். அவர் ஒலியழகு பார்த்தே பல சொற்களைப் புதிதாகப் படைத்தார். பின்னிய மொழியிலிருந்தும் எடுத்துக்கொண்டார். அதில் எனக்கு முழு உடன்பாடில்லை. ஆயினும் ஒன்றைப் பாருங்கள். 'செயற்கைச் சொல் நிலைக்காது' என்று நம்மைப் பார்த்து நகைப்போர், ஆவிக்கின் சொல்லின்றி இன்று ஓர் எசுத்தோனியன் போர்க்கதையே எழுத முடியாது என்பதற்கு என்ன விடை சொல்வார்கள்? 1944இல் உருசியப்படை மீண்டும் நுழைந்தபோது பல்லாயிரவர் படகேறிக் கடலைக் கடந்து சுவீடனுக்கு ஓடினர். ஆவிக்கும் அவ்வாறு சென்று, 1973இல் அயல்மண்ணிலேயே மறைந்தார்.

ஓடாமல் நின்றவர் இயான் குரோசு. செருமானியர் சிறையும் கண்டார். 1946இல் சோவியத்து ஆட்சியால் தளையிடப்பட்டு 1954 வரை முகாமிலும் நாடுகடத்தலிலும் கழித்தார். திரும்பி வந்தவர் இக்காலத்தைப் பற்றி எழுத முடியுமா? தணிக்கை விடுமா? ஆகவே வரலாற்றுக்குள் புகுந்தார். 1970க்கும் 1980க்கும் இடையே நான்கு பாகமாக வந்த அவர் பெரும்புதினத்தின் தலைவன், 16ஆம் நூற்றாண்டில் தாலின் நகரிலிருந்த உருசோ என்னும் வரலாற்றாசிரியன். அந்நகரை உருசியர் நிலப்பக்கம் முற்றுகையிட்டபோது கடல்வழி திறந்திருந்ததனாலேயே அது பிழைத்தது. உருசோ தன் நூலைச் செருமானிய மொழியில் எழுதினான்; ஆனால் அவன் பிறப்பால் எசுத்தோனியனே என்று கொண்டு குரோசு அப்புதினத்தைக் கட்டினார். ஆள்வோர் மொழியில் எழுத நேர்ந்தவனை அவன் தாய்மொழிக்கே திருப்பிக் கொண்டுவந்த செயல் அது! பேரரசனிடம் உண்மையைச் சொன்னதற்காக ஒன்பதாண்டு சிறையில் வாடிய பெருமகன் ஒருவனைப் பற்றி 1978இல் அவர் எழுதிய புதினத்தை, எந்தப் பேரரசைப் பற்றியது என்று சொல்லாமலே நாட்டார் புரிந்துகொண்டனர். 1991இல் எசுத்தோனியா மீண்டும் விடுதலை பெற்றதைக் கண்ணால் கண்ட பிறகே, 2007இல், குரோசு கண்மூடினார்.

'இவ்வளவு தொலைவிலுள்ள கடலுக்கும் நமக்கும் என்ன தொடர்பு?' என்று பின்வரிசைத் தோழர் ஒருவர் கேட்க நினைப்பது எனக்குத் தெரிகின்றது. தொடர்பு உண்டு. பொறையாற்றுக்கு அருகிலேயே உண்டு!

ஓரசுண்டில் சுங்கம் தண்டிய தென்மார்க்கு மன்னன் நான்காம் கிறித்தியான், 1618இல் கிழக்கே கப்பல் விடுத்தான். முன்னே வந்த கப்பலின் பெயரே 'ஓரசுண்டு'. அது 1619இல் காரைக்காலுக்கருகில் போர்த்துகீசியரால் மூழ்கடிக்கப்பட்டது. அதிலிருந்த கிரப்பே என்பவன் தப்பித் தஞ்சை நாயக்கனிடம் போய்ச் சேர்ந்தான். பின்வந்த படைத்தலைவன் ஓவெ கெத்தே 1620இல் இரகுநாத நாயக்கனோடு உடன்படிக்கை செய்து, தரங்கம்பாடியில் கோட்டை எழுப்பினான். சடங்கன்பாடி என்று கல்வெட்டுக் கூறும் நம் ஊர் அது. நாயக்கன் விடுத்த பொன்னேடு தமிழில் எழுதப்பட்டுக் கோப்பன்கேகன் நகரில் இன்றும் இருக்கின்றது. அதே கெத்தே பின்னர்த் தென்மார்க்கின் கடற்படைத் தலைவனாகி, முதுமையில் சுவீடியரிடம் சிறைப்பட்டு, 1660இல் இறந்தான். அவனை ஏவிய மன்னனோ 1644இல் பால்டிக்குக் கடற்போரில் ஒரு கண்ணை இழந்தான். அந்நிகழ்ச்சியைப் பாடும் பாட்டே தேனியரின் அரசப்பண்.

இன்னும் கேளுங்கள். 1801இல் நெல்சன் கோப்பன்கேகனைத் தாக்கினான். அவ்வாண்டே ஆங்கிலேயர் தரங்கம்பாடியைப் பிடித்தனர். மறு ஆண்டு திருப்பிக் கொடுத்தனர். 1807இல் ஆங்கிலேயர் கோப்பன்கேகனைக் குண்டுவீசி எரித்துத் தேனியரின் கப்பற்படை முழுவதையும் கவர்ந்து சென்றனர். 1808இல் தரங்கம்பாடி மீண்டும் அவர்கள் கைக்குப் போய் 1815வரை இருந்தது. 1845இல் தென்மார்க்கு அதை விற்றே விட்டது. பால்டிக்கின் வாயிலில் வெடித்த குண்டுக்குத் தரங்கம்பாடிக் கோட்டையில் கொடி இறங்கியது! அக்கொடி இறங்குவதைக் கடற்கரையில் நின்று பார்த்த மீனவன் என்ன நினைத்தான்? தேனியன் எழுதினான், செருமானியன் எழுதினான், ஆங்கிலேயன் எழுதினான். அந்த மீனவனின் பக்கத்திலிருந்து ஒரு தமிழ்ப் புதினம் வேண்டாவா?

நம் வரலாற்றுப் புதினக்காரர்கள் கப்பலைத் தமிழனுக்குக் கொடுத்துவிட்டுச் சொல்லை வடமொழிக்குக் கொடுத்துவிட்டார்கள். 'சமுத்திர ராசகுமாரன்' நடையில் கடற்போர் எழுதுவதில் எனக்கு மகிழ்ச்சியில்லை. கப்பலின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம், பாய் கட்டும் குறுக்குமரம் பருமல், பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். இவற்றை நான் அகரமுதலியில் தேடிப் பிடிக்கவில்லை; நம் கடற்கரை மக்களின் வாயில் வழங்குவன. பாய்மரப் படகு குறைந்து பொறிப்படகு வந்துவிட்டதால், இச்சொற்களை அறிந்த முதியோர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். இக்கூட்டத்திற்கு வந்திருக்கும் இளைஞர்களில் கடற்கரை ஊரினர் பலர் இருக்கின்றீர்கள். அடுத்த திங்கள் கூடும்போது, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் கப்பல் உறுப்புக்கும் உங்கள் ஊர் முதியோர் வழங்கும் சொற்களைக் கேட்டு, ஆளுக்குப் பத்தாவது எழுதிக்கொண்டு வாருங்கள். சொன்னவரின் ஊரையும் அகவையையும் மறவாமல் குறியுங்கள். இதழில் வெளியிட இரண்டு பக்கம் ஒதுக்குவதாக ஆசிரியர் எனக்கு உறுதி கூறியிருக்கின்றார்.